மனித உருவ ரோபோ எதற்கு உதவும்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் மோட்டார், கண்ட்ரோல் பாடம் எடுக்கிறேன். கொஞ்ச காலமாகப் பாடத்தைவிட மனித உருவ ரோபோ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள். போனில் வரும் வீடியோக்கள் சிலருக்கு ஆசையையும் சிலருக்குப் பயத்தையும் கிளப்பியிருக்கின்றன. கேட்டவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கார் ஃபேக்டரியில் ரோபோ இருக்கிறது என்று என் அண்ணன் சொல்கிறான். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளில் இருப்பவை தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றைக் கைகள். வெல்டிங், பெயின்டிங், தூக்கி வைப்பது என்று ஒரே வேலையை ஒரே இடத்தில் பல வருஷம் செய்யும். உலகம் முழுக்க 2023-இல் இப்படிப்பட்ட ஆலை ரோபோக்கள் 42 லட்சத்துக்கும் மேல் ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவில் அந்த ஒரு வருஷத்தில் புதிதாக நிறுவியவை 8,510.

மனித உருவ ரோபோவுக்கு இரண்டு கால், இரண்டு கை, கேமரா பொருத்திய தலை எல்லாம் உண்டு. படிக்கட்டின் உயரம், கதவின் கைப்பிடி, ஸ்பேனரின் பிடி, ரேக்குகளுக்கு நடுவே விடும் வழி என்று எல்லாமே நம் உடம்பின் அளவுக்குச் செய்தவை. அதே அளவில் ஒரு இயந்திரம் இருந்தால், இடத்தை மாற்றிக் கட்டாமல் அப்படியே வேலைக்கு விடலாம். அந்த ஆசையில்தான் இவ்வளவு பணமும் இதில் கொட்டப்படுகிறது.

இது இப்போதுதான் வந்ததா?

ரொம்பப் பழசு. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகம் 1973-இலேயே வாபோட்-1 என்ற முழு உருவ ரோபோவை நடக்க வைத்தது. ஹோண்டா 1996-இல் பி2, 2000-இல் அசிமோ என்று கொண்டுவந்தது. அசிமோ படி ஏறியது, ஓடியது, தலைவர்களோடு கை குலுக்கியது. ஆனால் எந்த ஆலையிலும் வேலைக்குச் சேரவில்லை. 2018-இல் அதை மேலும் வளர்ப்பதை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் மேடை நிகழ்ச்சிகளும் நின்றன.

நடுவில் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது. மனிதர் போக முடியாத கதிர்வீச்சு. உலகமே வியந்த அசிமோ இருந்த நாடு அது, ஆனாலும் அசிமோவை உள்ளே அனுப்ப முடியவில்லை. பட்டைச் சங்கிலியில் ஓடும் சின்ன ரோபோக்கள்தான் போயின. அதற்குப் பின் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா ஒரு போட்டி வைத்தது. வண்டி ஓட்ட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், வால்வைத் திருப்ப வேண்டும், சுவரில் துளை போட வேண்டும், படி ஏற வேண்டும். 2015 ஜூனில் நடந்த இறுதிச் சுற்றில் தென் கொரியாவின் கெய்ஸ்ட் குழு 20 லட்சம் டாலர் பரிசை வென்றது. அவர்களுடைய ஹூபோவுக்கு முழங்காலில் சக்கரம் இருந்தது. நடக்கத் தேவையில்லாத இடத்தில் மண்டியிட்டு உருண்டு போனது. மற்ற பல ரோபோக்கள் நடக்கும்போதே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தன. அந்தப் போட்டியின் வீடியோவை வகுப்பில் கட்டாயம் போட்டுக் காட்டுவேன். மனிதனைப் போல இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதவர்கள் ஜெயித்தார்கள்.

அப்படியென்றால் இப்போது ஏன் திடீரென்று இவ்வளவு பேச்சு?

மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவந்தன.

மோட்டார் முதலாவது. பாஸ்டன் டைனமிக்ஸ் 2013-இல் காட்டிய அட்லஸ் ரோபோ ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தில் ஓடியது. பலம் அதிகம்தான், ஆனால் கசிவும் சத்தமும் கூடவே வந்தன. 2024 ஏப்ரலில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு மின் மோட்டார் அட்லஸைக் கொண்டுவந்தார்கள். ட்ரோனும் மின்சார வண்டியும் பெருகியதால், கைக்குள் அடங்கும் அளவில் நல்ல முறுக்குவிசை தரும் மோட்டார்கள் மலிவாகிவிட்டன. மோட்டார் தானே பலமாக இருந்தால் கியர் விகிதத்தைக் குறைவாக வைக்கலாம். அப்படி வைத்தால் வெளியிலிருந்து யாராவது தள்ளும் விசை மோட்டார் வரை போய்ச் சேரும். மின்னோட்டம் மாறுவதை வைத்தே ரோபோ அதை உணர்ந்து சமாளிக்கும். கியர் இறுக்கமான பழைய மூட்டுகளுக்கு இந்த உணர்வு கிடையாது.

இரண்டாவது, நடையைக் கற்பிக்கும் முறை. இப்போது ஒவ்வொரு அடியையும் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கணினிக்குள் ஆயிரக்கணக்கான போலி ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓட விடுகிறார்கள். விழாமல் போனால் மதிப்பெண், விழுந்தால் கழிவு. தரையின் வழுக்கல், உடம்பின் எடை, மோட்டாரின் தாமதம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். இப்படிப் பழகிய பிறகு நிஜத் தரை அதற்குப் பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை.

மூன்றாவது, படத்தையும் பேச்சையும் கை அசைவோடு இணைக்கும் செயற்கை நுண்ணறிவு. கூகுளின் ஆர்டி-2 2023-இல் வந்தது. 2025-இல் ஃபிகர் நிறுவனத்தின் ஹீலிக்ஸ், என்விடியாவின் க்ரூட் வந்தன. "அந்த டம்ளரை எடு" என்று சொன்னால், இதுவரை பார்க்காத டம்ளராக இருந்தாலும் ஓரளவு எடுக்கிறது. ஓரளவு என்ற சொல்லை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டிக்கரணம் போடுகிற ரோபோவுக்குப் பாத்திரம் கழுவ வராதா?

இந்தக் கேள்வியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். குட்டிக்கரணத்தில் ரோபோவுக்குத் தெரிய வேண்டியது தன் உடம்பும் தரையும் மட்டும். பாத்திரம் கழுவும்போது வழுக்கும் சோப்பு, ஒட்டிய சோறு, மெலிந்த கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் பிடியை மாற்ற வேண்டும். கணினிக்குச் செக்கர்ஸ் என்ற பலகை விளையாட்டு எளிது, ஒரு வயதுக் குழந்தையின் பார்வையும் அசைவும் கடினம் என்று ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988-இலேயே எழுதினார். இன்றைக்கும் அது பெரும்பாலும் உண்மை.

காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்களின் கையைக் கவனியுங்கள். இறால் வழுக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, அழுத்தினால் நசுங்கும். அவர்கள் பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல் தலையைக் கிள்ளி ஓட்டைக் கழற்றுகிறார்கள். மனித உள்ளங்கையிலும் விரல்களிலும் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதற்குப் பக்கத்தில் வரும் ரோபோ கை இன்னும் இல்லை. கால் பல வருஷம் முன்னே போய்விட்டது, கை பின்தங்கி நிற்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வீடியோக்களை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

காலும் முழுத் தேர்ச்சி பெறவில்லை. 2025 ஏப்ரல் 19 அன்று பெய்ஜிங்கில் அரை மாரத்தான் ஓட்டத்தில் மனிதர்களோடு 21 ரோபோக்களும் இறங்கின. முடித்தவை ஆறு. முதலில் வந்த தியான்கோங் அல்ட்ரா எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 40 நிமிடம். வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள். கூடவே பொறியாளர்கள் ஓடினார்கள்.

சரி, எங்கேயாவது நிஜமாகவே வேலை செய்கிறதா?

செய்கிறது. எண்ணிக்கை குறைவு, வேலை ரொம்பக் குறுகலானது.

அஜிலிட்டி ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் டிஜிட் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள ஜிஎக்ஸ்ஓ என்ற சரக்கு நிறுவனத்தின் கிடங்கில் வேலை செய்கிறது. 2024 ஜூனில் போட்ட ஒப்பந்தம் அது. பிளாஸ்டிக் கூடையை எடுத்துக் கன்வேயர் மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது தூக்கும் எடை 16 கிலோ. 2025 நவம்பரில் ஒரு லட்சம் கூடையைத் தாண்டியதாக அறிவித்தார்கள். ஒப்பந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு இருநூறு கூடை அளவில் வரும். நம்மூர் கோடவுனில் ஒரு லோடுமேன் அதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவார். இருந்தாலும் இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் இப்படி ஒரு ஒப்பந்தமே உலகில் கிடையாது.

இன்னொன்று ஃபிகர் 02. அமெரிக்காவில் ஸ்பார்ட்டன்பர்க் என்ற ஊரிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 11 மாதம் ஓடியது. (நம் செங்கல்பட்டுப் பக்கத்திலும் அந்த நிறுவனத்துக்கு ஆலை உண்டு, இது அங்கே நடந்ததல்ல.) உலோகத் தகட்டை எடுத்து வெல்டிங் ஃபிக்சரில் (வெல்டிங் செய்யும்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம்) சரியாகப் பொருத்துவது அதன் வேலை. 90,000-க்கும் மேற்பட்ட தகடுகளை வைத்தது, 1,250 மணி நேரத்துக்கு மேல் ஓடியது என்று நிறுவனம் 2025 நவம்பரில் சொன்னது. எட்டு மணி நேர ஷிப்ட், மாதம் 25 நாள் என்று ஒருவர் 11 மாதம் வேலை பார்த்தால் 2,200 மணி நேரம் வரும். எந்தப் பாகம் அதிகம் பழுதானது என்பதையும் அவர்களே சொன்னார்கள்: முன்கை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மோட்டாரும் ஒயரும் நெருக்கியடித்து, சூடும் வெளியேற வழியில்லாமல் இருக்கும் இடம் அது. மெயின்டனன்ஸ் தெரிந்த எவருக்கும் இந்தத் தகவல் குட்டிக்கரண வீடியோவைவிட அதிகம் சொல்லும்.

2026 ஜனவரியில் அட்லஸின் விற்பனை வடிவம் வெளிவந்தது. எடை 90 கிலோ, 50 கிலோ வரை தூக்கும். பாஸ்டன் டைனமிக்ஸின் உரிமையாளரான ஹூண்டாய், 2028 முதல் ஜார்ஜியாவிலுள்ள தன் கார் ஆலையில் இதைப் பயன்படுத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறது.

வீடியோவில் காட்டுவதை நம்பலாமா?

பார்ப்பதை நம்பலாம், அதை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். 2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய விழாவில் ஆப்டிமஸ் ரோபோக்கள் பானம் ஊற்றிக் கொடுத்தன, விருந்தினரோடு அரட்டை அடித்தன. பின்னாலிருந்து ஆட்கள் அவற்றை இயக்க உதவினார்கள் என்பது பிறகு வெளிவந்தது. 1எக்ஸ் நிறுவனம் 2025 அக்டோபரில் வீட்டு வேலைக்கென்று நியோ ரோபோவை முன்பதிவுக்கு வைத்தபோது, தெரியாத வேலை வந்தால் நிறுவன ஊழியர் தொலைவிலிருந்து அதை இயக்குவார் என்று வெளிப்படையாகவே சொன்னது. அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குள் இன்னொருவர் கேமரா வழியாகப் பார்ப்பார். அது சம்மதமா என்பதை வாங்குகிறவர் முடிவு செய்ய வேண்டும்.

நான் வீடியோ பார்க்கும்போது, வெட்டு இல்லாமல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பேன். வேகம் கூட்டிக் காட்டியிருக்கிறார்களா என்று மூலையில் தேடுவேன். பொருளை வேறு இடத்தில் மாற்றி வைத்தும் எடுக்கிறதா, கை தவறினால் என்ன செய்கிறது என்று கவனிப்பேன். தவறுவதைக் காட்டும் நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடும்.

என்ன விலை? வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா?

சீனாவின் யூனிட்ரீ ஜி1 ரோபோ 2024-இல் 16,000 டாலருக்கு வந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 13 லட்சத்து 60 ஆயிரம். இறக்குமதி வரி தனி. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஆர்1-ஐ 5,900 டாலருக்கு அறிவித்தது, நம் கணக்கில் ஐந்து லட்சம். நியோவின் விலை 20,000 டாலர்.

ஜி1-இன் அடிப்படை மாடலுக்கு விரல்களே கிடையாது. கை சுமப்பது இரண்டு கிலோ அளவுக்கு. நம் தெருவில் தண்ணீர் லாரி வந்தால் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோ வரும். லாரித் தண்ணீர் பிடித்து மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டார், அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: இன்றைக்கு விற்கும் மலிவான ரோபோவால் அது முடியாது, அந்த வேலைக்கு ஒரு மோட்டார் பம்பும் பைப்பும் போதும். இவற்றை ஆய்வகங்களும் கல்லூரிகளும் கற்பதற்காக வாங்குகின்றன. அதற்கு நல்ல பொருள்.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? நம்மூர் வெயில் தாங்குமா?

ஜி1 சுமார் 2 மணி நேரம், புதிய அட்லஸ் சுமார் 4 மணி நேரம். யூபிடெக் நிறுவனத்தின் வாக்கர் எஸ்2 தன் பேட்டரியைத் தானே மூன்று நிமிடத்தில் மாற்றிக்கொள்கிறது, அட்லஸும் தானே மாற்றும். ஷிப்ட் ஓட்ட இப்படி ஏதாவது தேவை. அட்லஸ் இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி வரை என்று கொடுத்திருக்கிறார்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரைப் பட்டறைக்குள் எவ்வளவு இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பக்கத்தில் நின்று வேலை செய்தால் ஆபத்தா?

இன்றைய நிலையில் ஆம். ஆலையில் இருக்கும் ரோபோ கைக்குச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் நின்றுவிடும். இரண்டு காலில் நிற்பதற்கு மின்சாரத்தைத் துண்டித்தால் அது நிற்காது, சாயும். 90 கிலோ சாயும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? அதனால்தான் ஜிஎக்ஸ்ஓ கிடங்கில் டிஜிட் ஆட்களிடமிருந்து பிரித்த பகுதியில் வேலை செய்கிறது. ஆலை ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 10218 விதிகள் 2025-இல் புதுப்பிக்கப்பட்டன. தானே சமநிலை காத்து நிற்கும் ரோபோக்களுக்கென்று ஐஎஸ்ஓ 25785 என்ற தனி விதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது வந்து, அதன்படி சோதித்த ரோபோ வரும்வரை எந்த முதலாளி "பக்கத்தில் நின்று செய்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நம் நாட்டில் யாராவது செய்கிறார்களா?

இஸ்ரோவின் வியோமித்ராவை 2020 ஜனவரியில் காட்டினார்கள். ககன்யான் திட்டத்தில் ஆள் இல்லாத பயணத்தில் அனுப்பச் செய்தது. இடுப்புக்கு மேல்தான் உருவம், கால் இல்லை. விண்கலத்துக்குள் நடக்கத் தேவையில்லை என்பதால் அது சரியான முடிவு.

பாதாள சாக்கடைக்குள் ஆள் இறங்குவதை இந்த ரோபோ நிறுத்துமா?

வியாசர்பாடியில் இருந்து வரும் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சாக்கடைக்குள் மனித உருவ ரோபோவை இறக்கக் கூடாது. மேன்ஹோலின் வாய் குறுகலானது. கீழே நிற்கத் தரை இல்லை, சேறு. மீத்தேன் தேங்கியிருந்தால் சாதாரண மோட்டாரின் சின்னத் தீப்பொறி போதும், தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ரோபோவைக் கொல்லாது, ஆனால் செம்பையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். மனித உடம்புக்குப் பொருந்தாத இடம் அது. மனித உடம்பைப் போலச் செய்த இயந்திரத்துக்கும் பொருந்தாது.

இதற்குப் பொருந்தும் இயந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. கேரளத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் 2018-இல் பாண்டிகூட்டைக் கொண்டுவந்தது. சிலந்தியைப் போலக் காலை விரித்து மேன்ஹோலுக்குள் இறங்கும், கேமராவும் வாயு உணர்வியும் உண்டு, இயக்குகிறவர் மேலே நின்று திரையைப் பார்த்து வேலை செய்வார். சென்னை ஐஐடி உருவாக்கிய ஹோமோசெப், செப்டிக் டேங்க் அடியில் இறுகிப்போன மலக்கசடைக் கத்தியால் கலக்கி உறிஞ்சும். 2022-இல் அதைத் தமிழ்நாட்டில் களத்தில் இறக்கினார்கள். ஜெட் அடிக்கும் வண்டியும் உறிஞ்சும் லாரியும் அதற்கும் முன்பிருந்தே இருப்பவை.

சட்டமும் இருக்கிறது. ஆபத்தான முறையில் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் மனிதரைக் கொண்டு சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

பிறகு ஏன் ஆள் இறங்குகிறார்? பெரிய லாரி நுழையாத சந்துகள் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் நிறைய. அடுக்குமாடி வீட்டு செப்டிக் டேங்க் என்றால், இயந்திரத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த பணத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆளைக் கூட்டிவருவார். எந்தச் சாதியினரை எப்போதும் கூப்பிடுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இவை ரோபோ ஆராய்ச்சி தீர்க்கும் பிரச்சினைகள் அல்ல. சந்துக்குள் தள்ளுவண்டியாகப் போகும் சின்ன இயந்திரமும், அதை வாடகைக்கு எடுக்கும் வழியும், இறக்கியவர் மேல் வழக்கும் வேண்டும். மனித உருவ ரோபோ வரட்டும் என்று யாராவது சொன்னால் அவரோடு சண்டை போடுங்கள். இந்தத் துறையில் சாதிக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் இந்தச் சின்ன இயந்திரத்தை இன்னும் மலிவாக்க முயல வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மணலி, எண்ணூர் ஆலைகளில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவர்கள் படகில் போய் வாளியாலும் மக்காலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த இடத்தில் தேவைப்பட்டவை மிதவைத் தடுப்பும் எண்ணெய் வழிக்கும் கருவிகளும், அவை வேளையோடு வந்திருக்க வேண்டும். கையுறை, முகக்கவசம்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

ஆலைக்குள் மீட்டர் பார்ப்பது, கசிவு தேடுவது போன்ற ரோந்துக்கு ரோபோ உண்மையிலேயே நல்லது. ஆனால் அதற்கு முந்தியிருப்பவை நாலுகால் ரோபோக்கள். பாஸ்டன் டைனமிக்ஸின் நாலுகாலியான ஸ்பாட் பல ஆலைகளில் சுற்றி வருகிறது. தீப்பற்றும் வாயு இருக்கும் இடத்துக்கென்றே சுவிட்சர்லாந்தில் ஆனிமல் எக்ஸ் என்ற நாலுகாலியைச் செய்திருக்கிறார்கள். இரண்டு கால் ரோபோ சுத்திகரிப்பு ஆலைக்குள் வர இன்னும் காலம் பிடிக்கும். விழுந்தால் பக்கத்தில் இருப்பது குழாய்.

வேலை போய்விடுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

துறைமுகத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கியவர்களின் கூட்டம் அதன்பின் மெல்ல மெல்லக் கரைந்தது. அந்த வேலையை எடுத்தது ஒரு இரும்புப் பெட்டியும் கிரேனும். கை கால் உள்ள இயந்திரம் வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால், வேலை இன்னொரு வாசல் வழியாகப் போய்விடும். கிடங்குகளில் சக்கர வண்டி ரோபோவும் தானியங்கி ரேக்கும் மனித உருவ ரோபோவைவிட முன்னே வரும் என்பது என் கணிப்பு.

மனித உருவ ரோபோ முதலில் தொடுவது எது என்று கேட்டால், ஒரே அளவுள்ள பெட்டியை எடுத்து வைப்பது, தகட்டை ஃபிக்சரில் வைப்பது, பாகங்களை வரிசைப்படுத்துவது. இவற்றை இங்கே பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் குறைவு என்பதால் இங்கே ரோபோ வர நேரமாகும், வந்தால் அவர்களுக்குத்தான் முதல் அடி. பழைய ரயில் பெட்டியைப் பிரித்துச் சரிசெய்வது போன்ற வேலை, பெரம்பூர்க்காரர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பெட்டியிலும் துரு வேறு இடத்தில் இருக்கும். அந்த வேலைக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. ராயல் என்ஃபீல்டு டேங்கின் கோட்டைத் திருவொற்றியூரில் பல வருஷம் கையால்தான் போட்டார்கள், பெயின்டை ரோபோ அடிக்கத் தொடங்கிய பிறகும் கோடு கையிலேயே இருந்தது.

பேச வேண்டியது சங்கமாக. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களால் உருவானது, இது நம் பகுதியின் சொத்து. 2026 ஜனவரியில் தென் கொரியாவில் ஹூண்டாய் தொழிலாளர் சங்கம், எங்களோடு ஒப்பந்தம் போடாமல் ஒரு ரோபோகூட ஆலைக்குள் வரக் கூடாது என்று சொன்னது. எந்த வேலைக்கு வருகிறது, அந்த வேலையில் இருப்பவருக்கு என்ன பயிற்சி, மிச்சமாகும் பணத்தில் யாருக்குப் பங்கு என்று இயந்திரம் வருவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டோமே?

இருக்கிறது. கரூரில் ஒரு நிறுவனத்தில் இளைஞர்கள் நெற்றியில் கேமரா மாட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள். கை எப்படிப் போகிறது என்ற அந்தப் பதிவு வெளிநாட்டு ரோபோ நிறுவனங்களுக்குப் போகிறது. சேருகிறவர்கள் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சம்பளம் மணிக்கா எண்ணிக்கைக்கா, பதிவில் முகமோ வீடோ விழுமா, வேலை எத்தனை மாதத்துக்கு. ரோபோ மடிக்கக் கற்றுக்கொண்டதும் அந்த வேலை முடிந்துவிடும். இடையில் சம்பாதிக்கலாம், இதையே தொழிலாக நம்பி டிப்ளமோவை விட்டுவிடாதீர்கள்.

என் பையன் ஐடிஐ ஃபிட்டர். அவன் என்ன படிக்கலாம்?

ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டுமே சரியான அடித்தளம். எந்த ரோபோவும் பழுதாகும், பழுது பார்க்க ஆள் வேண்டும். முன்கை எவ்வளவு தொல்லை கொடுத்தது என்று மேலே பார்த்தோம். பேரிங், கியர், என்கோடர், மோட்டார் டிரைவர், கேன் பஸ் (பாகங்கள் தமக்குள் தகவல் அனுப்பும் இணைப்பு) ஒயரிங், லித்தியம் பேட்டரியைப் பாதுகாப்பாகக் கையாள்வது: இவை தெரிந்தவருக்கு ரோபோ கையானாலும் மின்சார பஸ்ஸானாலும் வேலை உண்டு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள், அங்கே ரோபோ தொடர்பான பயிற்சியும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கணினி இருந்தால் பைத்தான் நிரல் மொழி, அப்புறம் ரோபோவுக்கு நிரல் எழுத உதவும் ராஸ் 2. முஜோகோ என்ற உருவகப்படுத்தும் மென்பொருள் இலவசம், ரோபோ வாங்காமலே அதை நடக்க வைத்துப் பார்க்கலாம். ஹக்கிங் ஃபேஸின் லெரோபோட் திட்டத்தில் 3டி பிரின்ட் செய்யும் சின்னக் கையின் வரைபடமே கிடைக்கிறது.

கையில் காசு குறைவு. வீட்டிலேயே எதிலிருந்து தொடங்குவது?

ஒரு மூட்டு செய்யுங்கள். புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் கிடைக்கும், 12 வோல்ட்டில் ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மோட்டார் டிரைவர், ஆர்டுயினோ, கோணம் அளக்க ஒரு பொட்டன்ஷியோமீட்டர் வாங்குங்கள். ஒரு அடி இரும்புப் பட்டையை மோட்டாரில் மாட்டி, சொன்ன கோணத்தில் நிறுத்தப் பாருங்கள். முதலில் தாண்டிப் போகும், பிறகு ஆடும், பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் பிஐடி முறையின் எண்களை மாற்ற மாற்ற அடங்கும். நின்றதும் பட்டையைக் கையால் தள்ளுங்கள். வைப்பர் மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர், அதனால் அசையாது, நீங்கள் தள்ளுவதும் அதற்குத் தெரியாது. அடுத்து ட்ரோன் மோட்டார் ஒன்றை எடுத்து, குறைந்த கியரில் அதே பட்டையை மாட்டுங்கள். இப்போது தள்ளினால் விட்டுக்கொடுக்கும், மின்னோட்டமும் ஏறும். அந்த மின்னோட்டத்தை அளந்து, யாரோ தள்ளுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் நிரலை எழுதுங்கள். எழுதி முடித்தவர்கள் செய்த மூட்டோடு வகுப்புக்கு வாருங்கள், இரண்டாவது மூட்டைச் சேர்ந்து பொருத்தலாம்.